பார்த்தேன் என்று சொல்ல ஒருவர்

புதிதாக வந்திருக்கும் மூன்று ஜூனியர் செல்வங்களுக்கும் வணக்கம். திங்கட்கிழமையிலிருந்து நான் இந்த ஆபீஸில் இல்லை. அரசு உதவி வழக்கறிஞர் வேலை கிடைத்து மூட்டை கட்டிவிட்டேன். ஜன்னலோர நாற்காலிக்கு நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது எழுதி வைக்கச் சொன்னார் சீனியர் மேடம். "செக்‌ஷன் நம்பரா எழுதி உசுர வாங்காத. அத அவங்களே படிச்சுக்குவாங்க. நீ மாட்டிக்கிட்டு முழிச்சப்ப என்ன பண்ணன்னு எழுது" என்றார்.

முழித்த கதைகளுக்கா பஞ்சம்? அதில் ஒன்றைத்தான் தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் பஸ்ஸில் உட்கார்ந்து கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் ரோட்டைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

இதில் வரும் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன். யாழினி என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களின் பெயரும் அப்படித்தான்.

யாழினி திருத்துறைப்பூண்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். பக்கத்துக் கிராமம். அப்பா கிடையாது. அம்மா நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறவர். ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி. யாழினி ஒருவனைக் காதலித்தாள். அவன் அவளைப் படம் எடுத்தான், அவளும் அதற்குச் சம்மதித்தாள். பிறகு அவன் குணம் பிடிக்காமல் விலகினாள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் மகளிர் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் வழியாக நுழைந்து, அவளுடைய அந்தரங்கப் படம் ஒன்றைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் எல்லாருடைய போனிலிருந்தும் அழியும்படி அவனே அழித்துவிட்டு வெளியேறினான். அம்மாக்கள், அத்தைகள், சித்திகள் இருக்கும் குரூப். யோசித்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் நாய்.

அன்று சாயங்காலம் போன் பண்ணி, "இன்னும் இருக்கு. அடுத்தது உங்க சென்டர் குரூப்பு" என்றும் சொன்னான். அவனிடம் இருப்பதைப் பிடுங்க வேண்டும், அது வெளியே போவதற்குள் பிடுங்க வேண்டும். யாழினி எங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான். "அவன ஜெயில்ல போடுங்கன்னு கூட கேக்கலக்கா. அவன் கையில என்னோடது எதுவும் இருக்கக் கூடாது."

சட்டம் இதில் ஊமை இல்லை. படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மற்றவருக்கு அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை என்றால் அனுப்பியவன் குற்றவாளி. புத்தகத்தில் பளிச்சென்று இருக்கிறது. புகார் கொடுத்தோம், வழக்குப் பதிவானது. சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர் மேடம் நல்ல மனுஷி. விசாரிக்கக் கூப்பிட்டால் அவன் கையில் புத்தம் புது போனோடு வந்து நின்றான். பழைய போன் தொலைந்துவிட்டதாம். "கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு சொன்னேன், அதான் மேடம் கத கட்டுது. அந்த குரூப்புல ஒருத்தருக்காவது வந்துச்சான்னு கேளுங்க" என்றானாம். முன்ஜாமீனுக்கும் மனு போட்டுவிட்டான்.

இன்ஸ்பெக்டர் எங்களிடம் நேராகவே சொன்னார்: "அந்தப் பொண்ணோட அம்மா பதறிப்போய் குரூப்பையே அழிச்சிட்டாங்க. வாட்ஸ்அப் கம்பெனிக்கு எழுதிருக்கேன், பதில் வர நாளாகும். அதுவரைக்கும் உட்கார முடியாது. அம்மா சொன்னா மகளுக்காகச் சொல்றாங்கம்பான். எனக்கு வந்துச்சு, இந்த நம்பர்லேந்து வந்துச்சுன்னு வெளியிலேந்து ஒரே ஒரு ஆளு வந்து சொல்லட்டும். அன்னைக்கே அவன் வீட்டப் பொரட்டிடறேன்."

ஒரே ஒரு ஆள். குரூப்பில் அத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கெத்தாகக் கிளம்பினேன்.

சம்பா நடவு நேரம். யாழினியின் அம்மாவைத் தவிர ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே வயலில் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று, வந்த விஷயத்தைச் சொன்னேன். கைகள் நிற்கவில்லை. தலைகளும் நிமிரவில்லை.

"எனக்கு அன்னைக்கு நெட்டு தீந்து போச்சு பாப்பா" என்றார் முதல் அக்கா.

"எனக்குந்தான்" என்றார் அடுத்தவர்.

"எம் போனுல சார்ஜே நிக்கிறதில்ல."

"எம் பேத்தி வச்சிருந்தா, நான் கையாலயே தொடல."

"அப்புடி ஒண்ணும் வரலியே பாப்பா. நாங்க எதையும் பாக்கல. அது தங்கமான புள்ள."

ஒரே காலையில் ஊர் முழுக்க டேட்டா தீர்ந்துபோன அதிசயத்தை நான் அங்கேதான் கண்டேன். காலையில் குரூப்பில் ரோஜாப்பூ வணக்கம் வந்திருக்கிறது, யாரோ ஒருவர் அம்மன் படம் போட்டிருக்கிறார், அதெல்லாம் எல்லாருக்கும் வந்திருக்கிறது. நடுவில் வந்த ஒன்று மட்டும் யாருக்கும் வரவில்லை. "என்னக்கா, எல்லாரும் சேந்து கத விடுறீங்களா?" என்று குரலை உயர்த்தினேன். வரிசையின் கடைசியில் நின்ற ஓர் அக்கா மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வக்கீலம்மா, சேத்துல வழுக்கும். பாத்து நில்லு" என்றார். வயல் முழுக்கச் சிரித்தது. நான் நிஜமாகவே வழுக்கி ஒரு காலைச் சேற்றில் விட்டேன். அந்த அக்காவின் பெயர் மல்லிகா என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

சேற்றுக் காலோடு ஸ்கூட்டியை உதைக்கும்போது, பயந்த ஊர் இது, வேலைக்கு ஆகாது என்று நினைத்தேன். வழியில் ஸ்கேன் சென்டருக்குப் போய் யாழினியைப் பார்த்ததும்தான் மண்டையில் உறைத்தது.

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சொன்னாள்: "யாருக்குமே வரலன்னு அம்மா சொன்னாங்கக்கா. எல்லார்கிட்டயும் கேட்டாங்களாம். நெட்டு இல்லையாம். அத நம்பித்தான் நான் காலையில பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வர்றேன். அவங்க வீட்டு வாசல் வழியாத்தான வரணும்."

அந்தப் பெண்கள் பயந்து பொய் சொல்லவில்லை. பேசி வைத்துக்கொண்டும் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியும் தனித்தனியாக, தன் போனில் வந்ததைப் பார்த்த பிறகும், அந்தப் பெண் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காக 'பார்க்கவில்லை' என்று சொல்லியிருக்கிறாள். ஓர் ஊரே சேர்ந்து அவளுக்கு ஒரு போர்வையைப் போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வைக்குள்தான் அவனும் சொகுசாக ஒளிந்துகொண்டிருக்கிறான்.

யோசித்துப் பாருங்கள். வழக்கு நிற்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் 'பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். யாழினி நடக்க வேண்டுமென்றால் யாருமே பார்த்திருக்கக் கூடாது. இதற்கு எந்தப் புத்தகத்தில் செக்‌ஷன் இருக்கிறது?

வெளியே வந்து சீனியர் மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், ஊர்ல எல்லாரும் பாத்திருக்காங்க. நான் இன்னொரு தடவ போயி கொஞ்சம் மெரட்டினா ஒருத்தராவது ஒத்துக்குவாங்க. போகட்டா?"

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?"

"அவகிட்ட எப்புடி மேடம் கேக்கறது? யாரும் பாக்கலன்னு நம்பிக்கிட்டு இருக்கா."

"அப்ப அவளுக்குத் தெரியாம, அவ வாழ்க்கையில நீ ஒரு முடிவு எடுக்கப் போற. அவனும் அதத்தானடி பண்ணான்?" வைத்துவிட்டார். மேடம் இப்படித்தான், டீச்சர் மாதிரி விளக்கமெல்லாம் கிடையாது. நல்லா நறுக்கென்று ஒன்று கொடுப்பார். உங்களுக்கும் கிடைக்கும், ரெடியாக இருங்கள்.

திரும்ப உள்ளே போனேன். யாழினி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. சுற்றி வளைக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று நான் நினைப்பதைச் சொன்னேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. டப்பா எப்போதோ சுத்தமாகிவிட்டது, அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாருமா?"

"தெரியல. நெறைய பேரா இருக்கலாம்."

"தெனமும் எங்கிட்ட சிரிச்சுப் பேசறாங்களேக்கா."

"ஆமா."

"பாத்துட்டா சிரிச்சாங்க?"

"பாத்துட்டுத்தான் சிரிச்சாங்க யாழினி."

அழுவாள் என்று நினைத்தேன். தலைமேல் வானம் விழுந்ததுபோல நிற்பாள் என்று நினைத்தேன். அவள் குழாயை மூடினாள். "ஒருத்தர் சொன்னா போதுமா?" என்று கேட்டாள்.

"போதும்."

"அப்பக் கேளுங்க. மெரட்டாதீங்க. யாரும் வரலன்னா விட்டுருங்க. யார் சொல்றாங்கன்னு எனக்குத் தெரிய வேணாம்."

மறுநாள் மறுபடியும் அதே வரப்பு. இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். "அக்கா, நேத்து கத்துனதுக்கு மன்னிச்சிக்கங்க. நீங்க ஏன் அப்புடிச் சொன்னீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது, அவளுக்கும் சொல்லிட்டேன். நீங்க பாக்கலன்னு சொன்னது அவளுக்குத் தைரியம். ஆனா அது அவனுக்கும் தைரியமாப் போச்சு. இன்னும் படம் வச்சிருக்கான். அவ சம்மதத்தோடதான் வந்து கேக்கறேன். யாராவது ஒருத்தர் போதும்."

நாற்று முடியை அவிழ்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஓர் அக்கா மூக்கைச் சிந்தினார். "நாங்க அப்பயே அழிச்சிப்புட்டோமே பாப்பா" என்றார் இன்னொருவர். நேற்று நெட்டே இல்லாதவர் அவர். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நானும்தான்.

அழித்துவிட்டாலும் வாயால் சொல்லலாம், ஆனால் அவர்கள் தயங்கினார்கள். நான் வற்புறுத்தவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பினேன். ரைஸ் மில் தாண்டி ஆள் இல்லாத இடத்தில், வாய்க்கால் மதகுமேல் மல்லிகா அக்கா நின்றுகொண்டிருந்தார். குறுக்கு வரப்பில் ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. மடியிலிருந்து ஒரு ரவிக்கைத் துணி மூட்டையை எடுத்து நீட்டினார். பிரித்தால் உள்ளே ஒரு போன். அணைந்துபோன போன்.

"இதுல இருக்கு" என்றார்.

"நீங்க அழிக்கலியாக்கா?"

"எனக்கு அழிக்கத் தெரியாது. ஆஃப் பண்ணத்தான் தெரியும். பாத்த ஒடனே ஆஃப் பண்ணிப்புட்டேன்."

"யார்கிட்டயாவது குடுத்து அழிச்சிருக்கலாமே?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யாருகிட்ட குடுத்தாலும் அவங்க பாப்பாங்கல்ல?"

அன்று அணைத்து, சேலைகளுக்கு அடியில் வைத்தவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. துபாயில் இருக்கும் மகன் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று அக்கம்பக்கத்து நம்பருக்கெல்லாம் அடித்திருக்கிறான். போன் தண்ணியில் விழுந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"அப்ப ஏன்க்கா இத்தன நாளா சொல்லல?"

"அவ அம்மாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த கெடையாது. எங்க ஆடு அவங்க நாத்தங்கால மேஞ்சிட்டுன்னு அவ புடிச்சு பட்டியில அடைச்சா. அதுலேந்து மொகத்துலயே முழிக்கிறதில்ல. இப்ப நான் போயி இதக் காட்டுனா, ஆட்டுச் சண்டைக்குப் பழி வாங்கத்தான் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்னு நெனைக்க மாட்டாங்களா? ஊருதான் என்ன சொல்லும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. கையில் போன். "போட்டுப் பாரு பாப்பா, இருக்கான்னு பாத்துக்க" என்றார். என் பெருவிரல் பட்டன்மேல் போய்விட்டது.

இங்கேதான் கவனியுங்கள் செல்வங்களே. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றுகிற நொடியில்தான் விரல் தானாக ஓடும். அவன் எல்லாருடைய போனிலும் அழித்தபோது இந்தப் போன் அணைந்திருந்தது. அழி என்ற உத்தரவு இதை வந்து சேரவே இல்லை. இப்போது போட்டால், டவர் கிடைத்த மறுநொடி அது வந்து சேர்ந்துவிடலாம். மதகுமேல் நின்று, என் ஆர்வக்கோளாறால், ஊரில் மிச்சமிருந்த ஒரே சாட்சியை நானே தின்றிருப்பேன். இன்னொன்றும் இருக்கிறது. நான் எதற்கு அதைப் பார்க்க வேண்டும்? என் போனுக்கு அனுப்புங்கள் என்று கேட்பதும், ஆதாரத்துக்காகப் படம் பிடித்துக்கொள்வதும் அவளை இன்னொரு கைக்குக் கொடுப்பதுதான். வக்கீல் கையாக இருந்தாலும் அது இன்னொரு கைதான். விரலை எடுத்தேன். போனைத் துணியில் பழையபடி சுற்றி அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நானும் பாக்க வேணாம்க்கா. நீங்களே கொண்டாந்து ஸ்டேஷன்ல குடுங்க. பொம்பள இன்ஸ்பெக்டர்தான். நெட்டு கிட்டு இல்லாம எப்புடித் தொறக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்."

"சரி. ஆனா நான்தான் குடுத்தேன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியக் கூடாது."

யாழினி சொன்னதும் அதேதான். 'சரிக்கா, தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அப்போதே என் ஸ்கூட்டியில் ஏறியிருப்பார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சாட்சி பெயர் குற்றப்பத்திரிகையில் வரும், கோர்ட்டில் கூண்டில் ஏற வேண்டும். சட்டம் காப்பாற்றாத வாக்கை நீங்கள் கொடுக்காதீர்கள். அன்றைக்கு வேலை நடக்கும், பின்னால் அந்த மனுஷி உடைந்துபோவாள்.

"இல்லக்கா. கோர்ட்டுல தெரிஞ்சிடும். அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்."

மல்லிகா அக்கா மூட்டையை மடியில் செருகிக்கொண்டார். "அப்பக் கோர்ட்டுல தெரிஞ்சிக்கிறத விட நானே போயி சொல்லிடறேன். நீ வண்டிய எடு."

யாழினிக்கு வழியிலேயே போன் பண்ணினேன். ஒருவர் கிடைத்துவிட்டார், பெயர் தெரியாமல் இதை நடத்த முடியாது, அவரே நேரில் வந்து சொல்ல விரும்புகிறார், வரலாமா என்று கேட்டேன். "வரச் சொல்லுங்கக்கா" என்றாள். சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் அந்த வீட்டுக்குப் போனோம்.

கதவைத் திறந்த யாழினியின் அம்மா, வாசலில் மல்லிகா அக்காவைக் கண்டதும், "என்ன, திரும்ப ஆடு வந்துட்டா?" என்றார், இடுப்பில் கையை வைத்து.

"ஆடுதான வரும், நான் வரக் கூடாதா? தள்ளு" என்று உள்ளே போனார் இவர். யாழினி எழுந்து நின்றாள். சொல்லிப் பார்த்துத் தயார் செய்துகொண்டு வந்ததெல்லாம் அக்காவுக்கு மறந்துவிட்டது. துணி மூட்டையை மட்டும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு வந்துச்சு ஆயி" என்றார் கடைசியில். "ஒடனே போன ஆஃப் பண்ணிட்டேன், அப்புறம் போடவே இல்ல. யாருகிட்டயும் குடுக்கல. நாளைக்குப் போயி போலீஸ்ல சொல்லப் போறேன். ஒனக்குச் சம்மதமா?"

யாழினியின் உதடு அசைந்தது. அவள் கேட்க நினைத்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்திருக்கும். எவ்வளவு பார்த்தீர்கள்? என்ன பார்த்தீர்கள்? கேட்க முடியவில்லை அவளால். "அண்ணன் துபாய்லேந்து போன் பண்ணித் தேடிருக்குமே அத்த" என்று மட்டும் கேட்டாள்.

"தேடுனான். தேடட்டும்."

யாழினியின் அம்மா உள்ளே போய் ரொம்ப நேரம் வரவே இல்லை. வந்தபோது கையில் காபி இருந்தது, கண் சிவந்திருந்தது. டம்ளரை மல்லிகா அக்கா கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்தார். சண்டை இன்னும் முடியவில்லை என்று காட்ட வேண்டுமாம். அக்காவும் அதை எடுத்துக் குடித்துவிட்டு, "சர்க்கர பத்தல" என்றார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனில் படம் இருந்தது, அனுப்பியவனின் நம்பரோடு, நேரத்தோடு. இன்ஸ்பெக்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். தொலைந்துபோன பழைய போன் அவன் வீட்டில் துணி அலமாரியிலேயே தொலைந்து கிடந்தது. லேப்டாப்பும் கிடைத்தது. முன்ஜாமீன் போனது, அவன் உள்ளே போனான். ஸ்கேன் சென்டர் குரூப்புக்கு எதுவும் வரவில்லை. மல்லிகா அக்கா ஸ்டேஷனுக்குப் போனது தெரிந்ததும் நடவு வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் தாங்களாகவே போய், தங்களுக்கும் வந்ததென்று வாக்குமூலம் கொடுத்தார்கள். வழக்கு நடந்து தண்டனையும் ஆனது. அவன் அப்பீல் போட்டிருக்கிறான், போடுவான், அது உங்கள் காலத்தில் வரும். ஃபைலை நன்றாகப் படித்து வையுங்கள்.

ஆனால் அந்த வழக்கில் நான் மறக்காதது தீர்ப்பு நாள் இல்லை. மல்லிகா அக்கா கூண்டில் ஏறிய நாள். கோர்ட் அறையில் சம்பந்தப்படாதவர்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டார்கள். யாழினி உள்ளே இருந்தாள், எனக்குப் பக்கத்தில். எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. ஆட்டுச் சண்டையை இழுத்தார், பகையில் பொய் சொல்வதாகச் சொன்னார். அக்கா அசையவில்லை. பிறகு, யாழினி அன்றைக்கு வீட்டில் கேட்க முடியாமல் விழுங்கிய கேள்வியை, அத்தனை நாளும் அவள் தொண்டையில் இருந்த கேள்வியை, அந்த வக்கீல் சத்தமாகக் கேட்டார்.

"அந்தப் படத்த எவ்வளவு நேரம்மா பாத்தீங்க?"

யாழினியின் கை என் கோட்டைப் பிடித்தது.

"அவ மொகம்னு தெரியற வரைக்கும் பாத்தேன்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் பாக்கல."

"படத்துல வேற என்ன இருந்துச்சுன்னு ஒங்களுக்கே தெரியாதுங்கறீங்க?"

"அது நம்ம புள்ளன்னு தெரிஞ்சிட்டு. அப்புறம் நான் ஏன்யா பாக்கறேன்?"

நீதிபதி அவரை ஒரு நொடி பார்த்துவிட்டு, டைப்பிஸ்டுக்குச் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக: "முகம் தெரியும் வரை பார்த்தேன். தெரிந்த பிறகு பார்க்கவில்லை." தட்டச்சுச் சத்தம் கேட்டது. அது முடிந்தபோது என் கோட்டிலிருந்த பிடி தளர்ந்திருந்தது. யாழினி கூண்டையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.